சுமை: இல்லை

இடிப்பதற்கு முந்தின நாள் வருகிறவள் நான்.
மின் கம்பெனிச் சட்டை, ரப்பர் கையுறை, ஒரு டெஸ்டர்.
மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து
'இல்லை' என்று எழுதிக் கொடுப்பது என் உத்தியோகம்.
அதன் பிறகுதான் பெர்த்தோலினியின் இயந்திரம்
கழுத்தை நீட்டலாம்.

ரொசாரியோவில் ஜனவரி.
தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
தெருக்கோடியில் பரானா ஆறு
குடிக்க மறந்த காபிபோல் பழுப்பாகக் கிடக்கிறது.
தந்தி மாளிகைக்கு எதிரே பதாகையோடு பதினோரு பேர்.
வைக்கோல் தொப்பிக்காரி ஒருத்தி
என்னைப் பார்த்துக் "கொலைகாரர்களே" என்று கத்தினாள்.
பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும்
தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவளிடம் நான் சொல்லவில்லை:
இங்கே எழப்போகிற இருபத்திரண்டு மாடியில்
ஏழைகளுக்கென்று முப்பது வீடு.
பட்டியலில் என் தங்கை மிர்த்தா
நாற்பத்தேழாவது பெயர்.
பதினேழு பேர் சாகவேண்டும்,
அல்லது ஊரைவிட்டுப் போகவேண்டும்,
அல்லது திடீரென்று பணக்காரர்கள் ஆகவேண்டும்.
மூன்றாவது நடக்கட்டும் என்றுதான்
மிர்த்தா மெழுகுவத்தி ஏற்றுகிறாள். நல்லவள்.

உள்ளே
கழற்ற முடிந்ததெல்லாம் போயிருந்தது.
பித்தளைக் கம்பி, பளிங்கு மேஜை,
கழிவறைத் தாழ்ப்பாள்கூட.
போகாதது, கவுண்டர் இருந்த இடங்களுக்கு முன்னால்
தரையில் விழுந்த பன்னிரண்டு பள்ளம்.
வார்த்தைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்தவர்கள்
நின்று நின்று தேய்த்தது.
சாவையும் பிள்ளைப்பேற்றையும்
நாலே சொல்லில் முடித்தார்கள், ஐந்தாவதற்குக் காசில்லாமல்.
நான்தான் நீட்டிக்கொண்டு போகிறேன்.

மீட்டர் அறையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஏழு வருடமாக ஆளில்லாத கட்டடம்.
மெதுவாக, ஆனால் நிற்காமல்,
சிவப்புப் புள்ளி வந்தது, போனது, வந்தது.
காவல்காரர் எவரிஸ்தோ சத்தியம் செய்தார்:
"எலிகூட இல்லை அம்மா,
அதுகளும் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு போய்விட்டன."
சிரித்தார். நெற்றி வியர்த்திருந்தது.
இந்த வெயிலில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை?

ஒயரைப் பிடித்துக்கொண்டே ஏறினேன்.
நாலாவது மாடி, ஊழியர் ஓய்வறை.
மூலையில் மஞ்சளேறிய பழைய ஃபிரிட்ஜ் ஒன்று
தனக்குத் தானே முனகிக்கொண்டிருந்தது.
திறந்தேன். சுருங்கிய அரை எலுமிச்சை.
லேபிள் ஊறிப்போன மருந்துச் சீசா.
மேலே தட்டு நிறையப் பனிக்கட்டி,
பளிச்சென்று, இன்று காலை ஊற்றியதுபோல.

தரையில் புழுதி.
புழுதியில் ஓர் ஆள் நீளத்துக்குப் புழுதி இல்லை.

கேட்டால் எழுதவேண்டும்.
எழுதினால் விசாரணை, கையெழுத்து, இன்னொரு மாதம்.
நாற்பத்தேழு என்று எனக்குள் ஓடியது.
பிளக்கைப் பிடுங்கினேன்.
முனகல் நின்றதும்தான்
அது எவ்வளவு சத்தம் என்று தெரிந்தது.

ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டேன்.
நூற்றுப்பத்து வருடக் கட்டடம்
கடைசியாகச் செய்த பொருள்.
இன்னொன்றைக் கையுறைக்குள் திணித்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

கீழே வந்து சீசாவை நீட்டினேன்.
எவரிஸ்தோ வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
என் முகத்தை அவர் பார்க்கவில்லை,
அவர் முகத்தை நானும்.
படிவத்தில் எழுதினேன், சுமை: இல்லை.
மை நனைந்து 'இல்லை' கொஞ்சம் பரவியது.

வாசலில் அந்தத் தொப்பிக்காரி குறுக்கே வந்தாள்.
கோபம் வடிந்து, தொண்டை கட்டி,
வேறு குரலில் கேட்டாள்:
"ஒருமுறைகூட உள்ளே போனதில்லை நான்.
என்ன இருந்தது, சொல்லேன்."

கையுறைக்குள் மிச்சமிருந்ததை
வாயில் போட்டுக்கொண்டேன்,
பேச முடியாதபடி.